செங்கோலுக்கு முன்னே பறை

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இன்னிய அணி யாரைச் சேர்க்கிறது, எவ்வாறு முழங்குகிறது, அதனால் மட்டக்களப்பில் எது மாறியது, எது மாறவில்லை

அங்கியணிந்த பேராசிரியர்களும் பீடாதிபதிகளும் மூதவை, பேரவை உறுப்பினர்களும் செங்கோலோடு மண்டபத்தை நோக்கி நடக்கும் பட்டமளிப்பு ஊர்வலம், ஐரோப்பியப் பல்கலைக்கழக மரபிலிருந்து இலங்கைக்கு வந்துசேர்ந்த சடங்காகும். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வந்தாறுமூலையில், அச்சடங்கின் முன்னணியில் செல்வதற்கென்று கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாக்கிக்கொண்ட அணியிலோ ட்ரம்பெற்றும் கிளாரினெற்றும் இடம்பெறவில்லை. கூத்துக் களரியிலிருந்து வந்த மத்தளம், கோயில் வீதியிலும் சாவீட்டிலும் மட்டும் கேட்டுப் பழகிய பறை, அம்மன் சடங்கில் ஒலிக்கும் உடுக்கு, சங்கு, சல்லரி எனப்படும் சிறு கைத்தாளம் ஆகியவற்றை ஏந்திய மாணவரும் மாணவியரும், கூத்துடுப்பின் சாயலில் அமைந்த உடையணிந்து, கூத்தின் அடிகளை மிதித்தபடி முன்செல்ல, அவர்கள் திறந்துவிட்ட வழியிலே கல்விமான்களின் ஊர்வலம் நகர்கிறது. இவ்வணிக்கு இன்னியம் என்று பெயர். இனிய இசைக்கருவிகளின் தொகுதி என்பது அதன் பொருள்.

பாண்ட் வாத்தியம் முழங்க

இலங்கையின் தமிழ் நாளேடுகளில் பாடசாலைச் செய்திகளை வாசிப்போருக்கு, அதிதிகள் மாலை அணிவிக்கப்பட்டு பாண்ட் வாத்தியம் முழங்க அழைத்துவரப்பட்டனர் என்ற வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடையாயினும், பரிசளிப்பு விழாவாயினும், புதிய கட்டடத் திறப்பாயினும், பக்க மேளமும் பெருமேளமும் பித்தளைக் குழல்களும் கொண்ட மாணவர் அணி வாசலில் நிற்காத விழா நிறைவற்றதாகவே கருதப்படுகிறது. இவ்வழக்கம் பிரித்தானியப் படையணிகளிடமிருந்தும் மிசனரிப் பாடசாலைகளிடமிருந்தும் வந்தது. ஐரோப்பியப் படைகளுக்கோ அது துருக்கிய ஒட்டோமன் படையின் மேளக் குழுக்களைப் பார்த்துப் பெருமளவு வளர்ந்த கலையாகும். தமிழ் மண்ணிலும் இதற்கு நெடிய வரலாறு உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையில் மேலைத்தேய வாத்தியக் குழுவொன்றை வைத்திருந்தார்.

ஆகவே பாண்ட் வாத்தியம் அந்நியமானது, அதனால் தள்ளத்தக்கது என்னும் வாதம் வரலாற்றுக்கு முன் நிற்காது. இன்னியத்தை உருவாக்கியோர் எதிர்கொண்ட கேள்வி வேறு. சிங்கள மக்களின் அரச விழாக்களில் கண்டிய நடனமும் மேளமும் அதிதிகளை வரவேற்கின்றன. தமிழர் விழாக்களில் மங்கல வாத்தியமாகிய நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கின்றன. ஆயினும் அது கோயிலுக்கும் திருமணத்துக்கும் உரிய, தொழில்முறைக் கலைஞர்களின் வாத்தியம். இருபது முப்பது மாணவர்கள் ஒன்றாகப் பழகி வீதியில் இறங்கி முழங்கக்கூடிய கூட்டு வடிவமாக அது வளரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத் தேவையான கருவிகளும் தாளமும் ஆட்டமும் மட்டக்களப்பு வாவியின் இருகரைக் கிராமங்களிலும் ஏற்கெனவே இருந்தன. அவற்றை ஓர் அணியாகக் கோக்கும் வேலையே எஞ்சியிருந்தது.

பேராதனையிலிருந்து வந்தாறுமூலைக்கு

அவ்வேலையைச் செய்தவர் பேராசிரியர் சி. மௌனகுரு. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த அவர், 1960களின் தொடக்கத்தில் பேராதனையில் மாணவராக இருந்தபோது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவர்களைக்கொண்டு மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவரும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். எதிரிவீர சரச்சந்திர 1956இல் சிங்கள நாடகத்தில் மனமே மூலம் செய்து காட்டிய மரபுவழிப் புத்தாக்கம் அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. 1962இல் கர்ணன் போரும், அடுத்த சில ஆண்டுகளில் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியனவும் அரங்கேறின. ஆங்கிலக் கல்வி பெற்ற மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். அண்ணாவியார் என்பவர் கூத்தின் ஆசானும் நெறியாளரும் மத்தளக்காரருமாவார். பேராசிரியரும் அண்ணாவியாரும் அருகருகே நின்ற அந்த ஏற்பாட்டின் முக்கியத்துவம் பின்னர் போதிய அளவு நினைவுகூரப்படவில்லை. இன்னியத்தின் இன்றைய நிலையை எடைபோடுவதற்கும் அதுவே அளவுகோலாகத் தக்கது.

1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமையான பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம், போரின் நடுவிலேயே வளர்ந்தது. அதன் வளாகம் 1990இல் அகதி முகாமாயிருந்தபோது, செப்டம்பர் 5ஆம் திகதி 158 பேர் அங்கிருந்து படையினரால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற் போயினர். அதே வளாகத்தில், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், நுண்கலைத் துறைக்குத் தலைமை தாங்கிய மௌனகுருவும் அவருடைய மாணவர்களும் சக விரிவுரையாளர்களும் இன்னிய அணியை வடிவமைத்தனர். பொது இடத்தில் ஒன்றுகூடுவதே ஐயத்துக்குரியதாயிருந்த காலத்தில் ஊர்வலமாகச் செல்லும் ஒரு கலை வடிவம் தோன்றியதைத் தற்செயல் என்று கடந்துவிட முடியாது.

[பெட்டிச் செய்தி: கூத்தில் ஆள் சேர்ப்பது எப்படி?

மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்தாட ஊரார் முடிவெடுத்ததும் அண்ணாவியாரை அழைப்பர். அவர் ஆட வருவோரின் குரலையும் உடல்வாகையும் பார்த்துப் பாத்திரங்களைப் பகிர்வார்.

சட்டம் கொடுத்தல்: பாத்திரத்துக்குரிய பாடல்களும் வசனமும் எழுதிய ஏட்டை நல்ல நாளில் ஆட்டக்காரரிடம் ஒப்படைப்பது.

சதங்கை அணிதல்: மாதக்கணக்காகப் பழகிய பின் முதன்முறையாகக் காலில் சதங்கை கட்டுவது; ஊர் கூடும் சிறுவிழா.

அடுக்குப் பார்த்தல்: தொடக்கம் முதல் முடிவுவரை முழுக்கூத்தையும் ஒத்திகையாக ஆடிப் பார்ப்பது.

அரங்கேற்றம்: வட்டக் களரியில் இரவு முழுவதும் ஆடுவது, அதன்பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமும் உண்டு.]

பரீட்சை கொண்டுவரும் அணி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அணிநடை வாத்தியக் குழுவில் இடம்பெறுவதற்குப் பெரும்பாலும் பாடசாலைக் காலத்திலேயே ஒரு வாத்தியத்தில் தேர்ந்திருக்க வேண்டும். இலங்கையில் நிலைமை முற்றிலும் மாறானது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றையும், பாடங்களுக்கிடையிலான கடினத்தைச் சமன்செய்யக் கணிக்கப்படும் இஸற் புள்ளியையும், மாவட்ட ஒதுக்கீட்டையும் அடிப்படையாகக்கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே மாணவரை அனுப்புகிறது. மேளம் அடிக்கத் தெரிந்த ஒருவரைப் பல்கலைக்கழகம் தேடிப்பிடித்து அனுமதிக்க வழியில்லை. கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் ஓரளவு விதிவிலக்கு. அங்கு இசை, நடனம், நாடகம், கட்புலக்கலை ஆகியவற்றைப் பயில விண்ணப்பிப்போர் செய்முறை சார்ந்த உளச்சார்புப் பரீட்சைக்கும் தோற்ற வேண்டும். அப்பரீட்சை ஒருவர் பாடுவாரா, ஆடுவாரா, நடிப்பாரா என்று பார்க்குமேயன்றி, பறையின் கனத்தை இடுப்பில் தாங்கி வெயிலில் நடக்க வல்லவரா என்று பார்ப்பதில்லை.

ஆகையால் இன்னியத்துக்கான ஆட்சேர்ப்பு நுழைவாயிலுக்கு உள்ளேதான் தொடங்குகிறது. நாடகமும் அரங்கியலும் பயில வந்தவர், இசை பயில வந்தவர், பட்டமளிப்பு நெருங்கும்போது ஆட்கள் குறைவதைப் பார்த்து நண்பரால் இழுத்துவரப்பட்டவர் என்று பலரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். படுவான்கரை, அதாவது வாவியின் மேற்குக்கரைக் கிராமங்களிலிருந்து வருவோர் சிலருக்குத் தந்தையோ மாமனோ அண்ணாவியாராக இருப்பார். தாளக்கட்டு, அதாவது ஆட்டத்துக்குரிய சொற்கட்டு, அவர்களுக்கு எழுத்தறியுமுன்பே வாயில் ஏறியிருக்கும். மலையகத்திலிருந்து வரும் மாணவருக்குக் காமன் கூத்தின் தப்பு பழகிய ஒலியாகும். யாழ்ப்பாணத்திலிருந்து கர்நாடக இசை கற்று வருவோருக்கு மிருதங்கத்தின் கணக்குத் தெரிந்திருந்தாலும், நின்றுகொண்டும் ஆடிக்கொண்டும் அடிக்கும் உடற்பழக்கம் இராது. உள்ளபடி சொன்னால், இந்தக் கலப்புக் கூட்டத்தில் கற்பித்தலை எளிதாக்குபவர்கள் சான்றிதழ் வைத்திருப்போரை விடக் களரியோரம் விழித்திருந்து வளர்ந்தவர்களே.

பெண்களின் வருகை இவற்றுள் மிகப் பெரிய மாற்றம். மரபுவழிக் கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றனர். பறையும் மத்தளமும் ஆண்களின் கையிலேயே இருந்தன. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப் பிரிவுகளிலோ பெண்களே பெரும்பான்மையினர். அவர்களை விலக்கிவிட்டு எந்த அணியையும் கட்ட இயலாது. எனவே, கொள்கைப் பிரகடனம் எதுவுமின்றியே, சேர்க்கைப் பட்டியலின் கணக்குப்படி மட்டக்களப்பில் பெண்கள் மத்தளமும் பறையும் ஏந்தி வீதிக்கு வந்தனர். சீர்திருத்தங்கள் சில வேளைகளில் இப்படித்தான் நிகழ்கின்றன.

வட்டம் நேர்கோடாகும்போது

கூத்துக் களரி வட்டமானது. நடுவிலே மத்தளத்துடன் அண்ணாவியாரும் சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, அவர்களைச் சுற்றி ஆட்டக்காரர் ஆட, நாற்புறமும் பார்ப்போர் அமர்ந்திருப்பர். ஒலி மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் பரவும். ஆட்டக்காரரின் கண்ணும் காதும் அம்மையத்தையே நாடும். ஊர்வலத்திலோ மையம் நகர்ந்துகொண்டிருக்கும். வரிசையின் தலையில் இருப்பவர் கேட்கும் அடி, கடைசியில் இருப்பவருக்குச் சற்றுத் தாமதித்தே எட்டும். வரிசை நீள நீளத் தாளம் இரண்டாகப் பிளவுபடும் இச்சிக்கலை, படையணி வாத்தியக் குழுக்கள் பெருமேளத்தை நடுவில் வைத்தும், முன்செல்லும் தலைவரின் கோலசைவைக் கண்ணால் பின்பற்றச் செய்தும் தீர்த்தன. கூத்திலிருந்து பிறந்த அணிக்கு அண்ணாவியாரின் இடத்தை எவரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுகிறது. கண்ணைவிடக் காதை நம்பும் மரபில் வந்தோர், ஓங்கியொலிக்கும் கருவியைச் சுற்றியே தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்வர்.

அந்தக் கருவி பெரும்பாலும் பறையாகவே அமையும். தமிழ்நாட்டில் பறை என்ற பெயரில் அறியப்படும் ஒருமுகக் கருவியன்று மட்டக்களப்புப் பறை. அது இருமுகங்கொண்டது, இடுப்போடு சேர்த்துக் கட்டிக் கோலால் முழக்கப்படுவது. திறந்த வெளியில் ஒலிபெருக்கியின்றி நெடுந்தூரம் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட அதன் அருகில் உடுக்கு நின்றால், உடுக்கடிப்பவரின் கை அசைவது மட்டும் தெரியும். கருவிகளை எந்த இடைவெளியில் நிறுத்துவது, எப்போது பறையை அடக்கி மத்தளத்துக்கும் சல்லரிக்கும் இடம்விடுவது, சங்கை எந்த இடத்தில் ஊதுவது என்பவற்றைத் தீர்மானிப்பதில்தான் இன்னியம் இரைச்சலிலிருந்து இசையாகிறது. வானிலையும் இதில் ஒரு தரப்பு. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை வாவியை நிரப்பும்போது ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். நெருப்பில் காட்டியோ வாரை இறுக்கியோ அதை மீட்கத் தெரிந்தவர் அணியில் ஒருவராவது இருக்க வேண்டும்.

ஆட்டம் மற்றொரு பாதி. கூத்தில் வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி எனப் பல ஆட்டக்கோலங்கள் உண்டு. கனத்த உடையும் வீரம் மிக்க ஆட்டமும் கொண்ட வடமோடிக்கும், நுணுக்கமான தாளமும் இசையும் மிக்க தென்மோடிக்கும் இவை வேறுபட்டு அமையும். அவற்றுள் இடத்திலேயே சுழல்பவை ஊர்வலத்துக்கு உதவா. முன்னேறிச் செல்லும் அடிகளைத் தெரிந்தெடுத்து, நான்கைந்து அடி முன்வைத்து, நின்று ஆடி, மீண்டும் நகரும்படி கோத்துக்கொள்ள வேண்டும். படை நடையின் இடது வலது ஒழுங்கில் எல்லா உடலும் ஒன்றுபோல இயங்குவதே அழகு. கூத்தடியில் முழங்கால் மடிந்து தோள் குலுங்குவதால், தாளம் ஒன்றானாலும் ஒவ்வோர் உடலும் சற்று வேறாக அசையும்; பாண்ட் வாத்தியப் பயிற்றுநர் கண்ணுக்குக் குறையாகப் படக்கூடிய அந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் எஞ்சுவது உடை மாற்றிய பாண்ட் வாத்தியமே.

[பெட்டிச் செய்தி: கடல் கடந்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக அணி 1907இல் மைதானத்தில் வரிசையைக் கலைத்துத் தன் பெயரின் முதலெழுத்தை உருவாக்கிக் காட்டியது. அதன்பின் அணிநடை என்பது ஆட்டக்கள வடிவமைப்பாகவும் வளர்ந்தது.

ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இருநூறுக்கும் மேற்பட்டோர் கொண்ட அணி, பித்தளை வாத்தியங்களும் மேளங்களும் மட்டுமே கொண்டது. 1936 முதல் அது மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் நடந்தே எழுதிக் காட்டிவருகிறது. மேலதிகமாகச் சேர்க்கப்பட்டோர், வரிசையில் நிற்போரைப் போட்டிக்கழைத்து வென்று இடம்பிடிக்கலாம்.

அங்கு இத்தகைய அணிகளுக்கு முழுநேரப் பணிப்பாளர், பயிற்சி முகாம், தனி நிதி ஆகியன உண்டு.]

பறையை ஏந்தியவர் யார், அடித்தவர் யார்

இன்னியத்தின் மிகக் கனமான விளைவு இசையைச் சார்ந்ததன்று. மட்டக்களப்புப் பிரதேசத்தில் பறைமுழக்கம் ஒரு சாதியினர்மீது சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது; கோயிற் சடங்கிலும் சாவீட்டிலும் அவர்கள் அடித்தேயாக வேண்டும், அடித்ததற்காகவே ஒதுக்கியும் வைக்கப்பட்டனர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றுப் பறைமேளக் கலைஞர்களைப் பற்றி 1983இல் வெளியிட்ட ஆய்வு, அக்கட்டுப்பாட்டையும் அதற்குள் வாழ்ந்தோர் அதை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதையும் விரிவாகப் பேசுகிறது. இழிவின் அடையாளமாகிவிட்ட தொழிலைப் பிள்ளைகள் தொடரக்கூடாது என்று பறைக்கலைஞர் குடும்பங்கள் எண்ணுவதில் வியப்பில்லை. அத்தகைய கருவி, எல்லாச் சாதி மாணவரின் இடுப்பிலும் ஏறி, வேந்தருக்கும் உபவேந்தருக்கும் முன்னே சென்றது சிறிய நிகழ்வன்று. பறையைச் சாவீட்டிலும் கோயிற் சடங்கிலும் மட்டும் கேட்டிருந்த காது, பட்டம் பெறும் பிள்ளையின் நன்னாளில் அதைக் கேட்கப் பழகியது.

எனினும் கருவி மதிப்புப் பெற்றதும் கலைஞர் மதிப்புப் பெற்றதும் ஒன்றல்ல. இதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு சிந்தனைப் போக்கு இந்த இடத்தையே அழுத்துகிறது. கலாநிதி சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் உள்ளூர் அறிவுத்திறன் செயற்பாட்டுக் குழுவினரும் சீலாமுனைக் கிராமத்தில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தைக் களரியிலிருந்து பிரித்தெடுத்துச் செம்மைப்படுத்துவதற்கு மாறாக, ஆடுவோரோடு ஊரிலேயே அமர்ந்து, சாதிப் பாகுபாட்டையும் பெண்ணிழிவையும் பேசும் பகுதிகளை விவாதித்து மாற்றுவதாக அமைந்தது. பறைமேளக் கலைஞர்களே ஆடி முழக்கும் பறைமேளக்கூத்தையும் அவர்கள் மதிப்புக்குரிய அரங்க வடிவமாக முன்வைத்தனர். மௌனகுருவின் வழி மரபை நவீனப் பொதுவெளிக்கு உயர்த்திக் காட்டியது. ஜெயசங்கரின் வழி மரபுக்குரியோரை விட்டு அதைப் பெயர்க்கலாமா என்று கேட்டது. இவ்விரு வழிகளையும் பகைமுகாம்களாக நிறுத்திப் பேசும் வழக்கம் பயனற்றது. முதல்வழி இல்லாமல் பறை பல்கலைக்கழக வாசலைக் கண்டிராது. இரண்டாம் வழியின் கேள்வி இல்லாவிட்டால், அதை அடித்துக் காத்தவர் வாசலுக்கு வெளியே நிற்பது எவர் கண்ணிலும் பட்டிராது.

தமிழ்நாட்டு அனுபவமும் இதற்குத் துணைசெய்கிறது. திண்டுக்கல்லில் 1990இல் தோன்றிய சக்தி கலைக்குழு, தலித் பெண்களையே பறையாட்டக் கலைஞர்களாக்கியது. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அங்கு பறையின் மறுமலர்ச்சி அதை அடிப்பவரின் பெயரோடும் முகத்தோடும் வந்தது. மட்டக்களப்பில் கருவி முன்னே வந்த வேகத்தில் அந்தப் பெயர்கள் வரவில்லை.

அணிக்கு வெளியே உள்ள ஆசான்

வாத்திய அணி எதுவாயினும் அதன் பலம் தொடர்ச்சியில் உள்ளது. பல்கலைக்கழக அணிக்கோ தொடர்ச்சி என்பதே இயல்புக்கு மாறானது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் ஒவ்வொருவரும் வெளியேறுவர். அதற்கிடையே பரீட்சைகளும் வகுப்புப் பகிஷ்கரிப்புகளும் விடுமுறைகளும் வரும். மூத்த அணியினர் இளையோருக்குக் கைமாற்றாமல் ஓராண்டு தவறினால், அடுத்த ஆண்டு தாளக்கட்டைத் தாளிலிருந்து படிக்க வேண்டிவரும். தாளில் அடி இருக்கும், வேகமும் நடையும் இருக்கமாட்டா. நாடகமும் அரங்கியலும் கற்று வெளியேறுவோரிற் பலர் பாடசாலை ஆசிரியராவதால், அவர்கள் முழுமையாகக் கற்றுச் சென்றால் வாவியின் இருகரைப் பாடசாலைகளும் பயனடையும். அரைகுறையாகக் கற்றுச் சென்றால் அந்த அரைகுறையே பரவும்.

இன்னொரு கேள்வியையும் ஒத்திவைக்க முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று முஸ்லிம் மாணவரும் சிங்கள மாணவரும் பயில்கின்றனர். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் றபான் மேளமும் களிகம்பு ஆட்டமும் உண்டு. மட்டக்களப்புப் பறங்கியரிடம் வயலின் ஒலிக்கும் கபிறிஞ்ஞா ஆட்டம் உண்டு. தமிழ் அடையாளத்தின் வெளிப்பாடாகப் பிறந்த அணி இவற்றை உள்வாங்க வேண்டுமா, அல்லது அவற்றுக்கெனத் தனி அணிகள் தோன்ற வேண்டுமா என்பதை அந்தந்தச் சமூக மாணவரே தீர்மானிப்பது முறை. அழைப்பு விடுக்கும் கடமை மட்டும் பல்கலைக்கழகத்துக்கு உரியது.

பணச்செலவு பெரிதன்று; இறக்குமதியாகும் பித்தளை வாத்தியங்களைப் போலன்றி, மரமும் தோலும் செய்யும் கையும் உள்ளூரிலேயே உள்ளன. குறைவாயிருப்பது பதவி. விரிவுரையாளர் ஒருவரின் தனிப்பட்ட ஆர்வத்தில் இயங்கும் அணி அவர் ஓய்வுபெற்றதும் தளரும். பேராதனையில் 1960களிலேயே ஓர் அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசானாக நின்றிருக்கிறார். அறுபது ஆண்டுகள் கழிந்தும் பட்டச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் அவர்போன்றோர் நாள்கூலிக்கு அழைக்கப்படும் வளவாளராகவே எஞ்சுவது நியாயமன்று. கிழக்குப் பல்கலைக்கழகமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் அண்ணாவியாருக்கும் பறைமேளக் கலைஞருக்கும் மாதச் சம்பளமுள்ள போதனாசிரியர் பதவிகளை உருவாக்கி, இன்னியத்தைப் புள்ளி வழங்கும் பாடநெறியாக்க வேண்டும். ஆட்சேர்ப்பு மாணவரிடமிருந்தல்ல, ஆசானிடமிருந்து தொடங்கப்பட வேண்டும்.